அட்ரஸ் பண்ணிட்டிருக்காங்க

தேனி மாவட்டத்து வடுகபட்டிக்காரர்களுக்கு அட்ரஸ் என்ற சொல் புதியதல்ல. வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை கூடுகிற ஊர் இது. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கத்திலிருந்து மூட்டைகள் இறங்கும். வடமாநிலப் பூண்டும் வந்து சேரும். ஏலம் முடிந்து வெளியூருக்கு லாரி ஏறும் ஒவ்வொரு மூட்டையிலும் அது போய்ச் சேர வேண்டிய கடையின் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். அதுதான் எங்களுக்கு அட்ரஸ். கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பா, சாக்கில் எழுதுகிற பையனிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அட்ரஸைப் பெருசா எழுதுப்பா. எழுத்து அழிஞ்சா சரக்கு நம்மது இல்ல."

அட்ரஸ் எழுதியாகிவிட்டால் சரக்கு எங்கேயோ போய்ச் சேரப் போகிறது என்று பொருள். எழுதியும் சேராவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். லாரி ஆபீஸ்காரரைக் கேட்கலாம், அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு கார்டு போடலாம். சண்டை போடுவதற்கும் ஒரு ஆள் இருப்பார்.

அதே சொல் வினைச்சொல்லாகி எங்கள் வீட்டுக்குள் வந்தது 2020 ஊரடங்கில். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் அக்கா மகன் மடிக்கணினியோடு ஊருக்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து இரவு வரை யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பான். அந்தப் பேச்சில் அடிக்கடி வந்து விழுந்தது, "அதை அட்ரஸ் பண்ணிட்டிருக்கோம்." காபி கொண்டுபோன என் அம்மா பல நாள் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் அவனிடமே கேட்டார்.

"ஏய்யா, நீ சொல்றது முடிஞ்சிருச்சா, முடியலையா?"

"ரெண்டும் இல்ல அம்மாச்சி. அதைக் கவனிச்சுட்டிருக்கோம்னு அர்த்தம்."

"யாரு கவனிக்கிறா?"

"டீம்."

அவன் நல்ல பையன், உழைப்பாளி. ராத்திரி இரண்டு மணிக்கும் மாடியில் விளக்கு எரியும். அவன் அளவில் அந்தச் சொல் பொய்யல்ல. அவனுடைய அலுவலகத்தில் ஒவ்வொரு சிக்கலுக்கும் எண் இருக்கிறது, பொறுப்பாளர் பெயர் இருக்கிறது, கெடு இருக்கிறது. அட்ரஸ் பண்ணுகிறோம் என்று சொன்னால் அந்த மூன்றும் பின்னால் நிற்கின்றன. ஆனால் அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. முடிந்ததும் இல்லை, முடியாததும் இல்லை என்ற ஓர் இடத்தில் ஒரு பிரச்சினையை நிறுத்திவைக்க ஒரு சொல் கிடைத்துவிட்டது. அந்த மூன்றும் இல்லாதவர்கள் வாயிலும் அது புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது.

புகுந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது தொலைக்காட்சி விவாதங்களில் விலைவாசியை அட்ரஸ் பண்ண வேண்டும் என்றார்கள். குடிநீர்ப் பிரச்சினையை, போக்குவரத்து நெரிசலை, இளைஞர் வேலையின்மையை எல்லாம் அட்ரஸ் பண்ணுகிறார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் கட்சிக்காரத் தம்பி ஒருவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். மேற்கொண்டு கேள்வி வருவதில்லை. அந்தத் தலையாட்டல்தான் என்னை எழுத வைக்கிறது.

அப்பா வேலை பார்த்த மண்டியில் இது நடக்காது. அங்கே கடன்பாக்கிப் பேச்சு இல்லாத நாள் கிடையாது. மலையில் மழை பிசகிவிட்டால் பூண்டு சரியாகக் காயாது. காயாத பூண்டு மூட்டைக்குள்ளேயே கெடும், விலை சரியும். அந்த மாதிரி வருஷத்தில் மேல்மலை விவசாயியும் வருவார், உள்ளூர்ச் சில்லறை வியாபாரியும் வருவார். வந்தவர் என்ன வினைச்சொல்லோடு வந்திருக்கிறார் என்பதைத்தான் அப்பா முதலில் கவனிப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் அதை எனக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

"தாக்குப்பிடிச்சிருவேன்" என்று சொல்கிறவருக்கு உதவி வேண்டும், ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அவர் கேட்காமலே ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். "சமாளிச்சுக்கிறேன்" என்பவரிடம் வேறு ஒரு வழி கைவசம் இருக்கிறது. அவரைக் கொஞ்ச நாள் தொந்தரவு செய்யக்கூடாது. "ஒப்பேத்திருவேன்" என்பவர் இன்றைய பொழுதைத் தள்ளப் பார்க்கிறார். இன்றைக்குக் கொடுத்தால் அடுத்த வருஷமும் கொடுக்க வேண்டி வரும். "மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்" என்றால் எதிரே ஓர் ஆள் நிற்கிறான். வட்டிக்காரனா, பங்காளியா, யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "பைசல் பண்ணிர்றேன்" என்றவர் அடுத்த மூச்சில் தேதி சொல்வார். சொல்லாவிட்டால் அப்பா எழுத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். தேதி வரும்வரை பேனா நகராது. எடையிலோ ரொக்கத்திலோ வித்தியாசம் வந்தால் "கணக்கை நேர் பண்ணணும்" என்பார்கள். அதற்கு இரண்டு தரப்பும் ஒரே பலகையில் உட்கார வேண்டும், இரண்டு நோட்டும் திறந்திருக்க வேண்டும்.

"கைகழுவிட்டேன்" என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு மேல்மலைக்காரர் அப்படிச் சொன்னதும் அப்பா கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி.

இத்தனை வினைகளும் பிரச்சினையைச் சந்திப்பது பற்றியவைதான். ஆங்கிலத்தில் ஒருவர் இவை அனைத்துக்கும் அட்ரஸ் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மண்டியில் அப்படிச் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அந்த மனிதரின் நிலைமை தெரிந்திருக்காது. எவ்வளவு கொடுப்பது, எப்போது கேட்பது, யாரை விட்டுப் பேசச் சொல்வது என்று ஒன்றையும் முடிவு செய்திருக்க முடியாது.

ஆங்கிலச் சொல்லின் மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமில்லை. அதன் வேர் இலத்தீனில் நேர் என்று பொருள்படும் சொல்லில் இருக்கிறது. நேர்ப்படுத்துவது, ஒரு திசை நோக்கித் திருப்புவது என்பதுதான் தொடக்கம். அப்பாவின் கணக்கு நேர் பண்ணுவதற்கு அது தூரத்து உறவு. அந்தக் கால ஆங்கில நடையில் ஒருவர் ஒரு வேலைக்குத் தன்னையே அட்ரஸ் பண்ணிக்கொள்வார். உடம்பையும் மனத்தையும் அந்த வேலைப் பக்கம் திருப்பி ஆயத்தமாவார் என்று பொருள். திரும்புகிறவர் யார் என்பது வாக்கியத்திலேயே இருந்தது. கோல்ஃப் விளையாட்டில் இன்றும் அந்தப் பொருள் மிச்சமிருக்கிறது. பந்துக்கு முன்னால் காலை ஊன்றி, மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்து நிற்பதை அட்ரஸ் என்பார்கள். எங்கள் பூண்டு இறங்கி வருகிற அதே மலையில் 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. அங்கே பந்தை அட்ரஸ் பண்ணி நிற்கிற மனிதர் இன்னும் அடிக்கவில்லை. பந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர் அடுத்த நொடி அடித்தே ஆக வேண்டும், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அரசாங்கப் பேச்சிலும் கம்பெனிப் பேச்சிலும் அந்த அடுத்த நொடி உதிர்ந்துவிட்டது.

இந்தச் சங்கடம் ஆங்கிலம் பிறந்த ஊரிலும் உண்டு. பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைக் கையேடு இருக்கிறது. தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் அதில் வருகிறது. அட்ரஸின் உடன்பிறப்பான டேக்கிள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ரக்பி, கால்பந்து போன்ற விளையாட்டைப் பற்றி எழுதினால் மட்டும் அதைப் பயன்படுத்தலாமாம். மற்ற இடங்களில் என்ன செய்யப்போகிறீர்களோ அதைச் சொல்லுங்கள் என்பதுதான் நோக்கம். வறுமையை டேக்கிள் செய்வோம் என்று எழுதாதே, எத்தனை பேருக்கு எதைக் கொடுக்கப்போகிறாய் என்று எழுது. இந்த ஒரு விதியை நம் ஊர்ச் செய்திக் குறிப்புகளுக்கும் யாராவது கொண்டுவந்தால் நான் அவர்களுக்கு மாலை போடுவேன்.

இதே வகையில் இன்னொன்றான ஃபேஸ் பண்ணுவது எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. அதில் குறைந்தது ஒரு முகமாவது இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நெருக்கடிகளுக்கு முகங்கொடுப்பது என்று எழுதுகிறார்கள். அங்கே அது வேரூன்றி, யுத்தத்தையும் இடப்பெயர்வையும் சுமந்த சொல்லாகிவிட்டது. எங்கள் பக்கம் முகங்கொடுப்பது என்றால் வேறு. "மொகங்குடுத்துப் பேசல" என்று ஒருவர் சொன்னால் போன இடத்தில் மரியாதை கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறார். அலுவலகங்களுக்குப் போய்வந்த எங்கள் ஊர் மனிதர்கள் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவின் காலத்தைத் தங்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 1959 ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது. நீர் தேங்கிய பரப்பில் இருந்த ஊர்கள் போயின. அங்கிருந்து கிளம்பி வடுகபட்டிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. மெட்டூரில் பிறந்த கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். அந்த இடப்பெயர்வை அவர் எழுதிய கள்ளிக்காட்டு இதிகாசம் 2003க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அந்தக் கதை தெரியும். எங்கள் தெருவில் இருந்த ஒரு அப்பத்தா அப்படி வந்தவர். திண்ணையில் உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டே சொல்வார்.

"ஊரைக் காலி பண்ணுங்கன்னாக. எங்க போகன்னு கேட்டோம். அது தெரியாதுன்னாக. தண்ணி வரும்னாக, வந்துச்சு."

அந்த வினைச்சொற்களில் மறைப்பு எதுவும் இல்லை. காலி பண்ணு. தெரியாது. வரும். வந்தது. ஈரமில்லாத சொற்கள்தான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எதிராக நின்று கேட்க முடியும். தெரியாது என்று சொன்னவரிடம் ஏன் தெரியாது என்று கேட்கலாம். கேட்கும் துணிச்சல் அன்றைக்கு அவர்களுக்கு இல்லை, கேட்டால் பதில் சொல்லும் கட்டாயமும் யாருக்கும் இல்லை. அணையின் முழு அளவு 71 அடி. இன்றும் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது என்று அறிவிப்பு வருகிறது. கீழே இருப்பவர்களுக்கு அடிக்கணக்கில் எச்சரிக்கை உண்டு. அணைக்கு மேலே இருந்த ஊர்களுக்கு அந்த மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்பது அப்பத்தாவின் தீராத குறை.

குறையை மனுவாகக் கொடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. தேனி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் எங்களுக்குக் கலெக்டர் மதுரையில். பெரியகுளத்தில் தாலுகா ஆபீசும் சப் கலெக்டர் ஆபீசும் இருந்தன. அங்கே தீராதது மதுரைக்குப் போக வேண்டும். விடியற்காலை பஸ், ஒரு நாள் கூலி போகும், சாப்பாட்டுச் செலவு வேறு. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் இருப்பார். பெறுநர் என்று போட்டு, மகா கனம் பொருந்திய என்று தொடங்கி, சமூகத்துக்குச் சமர்ப்பிக்கும் என்று நீட்டி, வயிற்றுவலி மாதிரி ஒரு சின்னக் குறையைக்கூட இரண்டு பக்கத்துக்கு எழுதிவிடுவார். கொண்டுபோகிறவர் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பார். அந்த வராந்தாவைத் தாண்டி உள்ளே போக முடியாத மக்கள் இருந்தார்கள். என்ன சாதி, எந்தத் தெரு என்பது உள்ளே போகும் தூரத்தை முடிவு செய்தது. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பாராட்டுவது அந்த வராந்தாவில் நின்றவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மழுப்புகிற சொல் அன்றைக்கும் இல்லாமல் இல்லை. தமிழிலேயே இருந்தது. ஆவன செய்யப்படும் என்பது அதன் பெயர். மனுவின் கடைசி வரியில் ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்வோம். பதிலில் ஆவன செய்யப்படும் என்று வரும். எவை ஆவன, யார் செய்வார்கள் என்று அதிலும் கிடையாது. பரிசீலனையில் உள்ளது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்ற இரண்டும் அதே வகைதான். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம். செய்யப்படும் என்பது எதிர்காலம். ஒரு மாதம் கழித்துப் போய், செய்யப்படும் என்று சொன்னீர்களே, செய்தாகிவிட்டதா என்று கேட்க ஒரு பிடி இருந்தது. அட்ரஸ் பண்ணிட்டிருக்காங்க என்பது எப்போதும் நிகழ்காலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. என்றைக்குப் போய்க் கேட்டாலும் அன்றைக்கும் அது உண்மையாகவே இருக்கும்.

நிகழ்காலத்திலேயே ஒரு விஷயம் எவ்வளவு காலம் இருக்க முடியும் என்பதை எங்கள் மாவட்டம் ரயிலில் பார்த்தது. மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே 1928இல் பாதை போட்டார்கள். 2010 முடிவோடு மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள், அகலப்பாதை வரப்போகிறது என்று. அந்த ரயிலில் ஏலக்காயும் காய்கறியும் போயிருக்கின்றன. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் போயிருக்கிறார்கள். வடுகபட்டிக்கு ரயில் கிடையாது. என்றாலும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழைகளுக்குத் தேனிக்குப் போய் ரயில் ஏறுவது கட்டுப்படியான வழியாக இருந்தது. நிறுத்திய பிறகு கேட்டபோதெல்லாம் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் பதில் வந்தது. உண்மைதான், கணவாயில் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எந்த வருஷம் ஓடும் என்று கேட்டால் பதில் இல்லை. தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடி வரை 2023 ஜூனில். 2010இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, போடிக்கு ரயில் வந்தபோது பள்ளிப்படிப்பையே முடித்திருக்கும். தேனி நிலையத்துக்கு ரயில் வந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். அந்த இடைவெளியில் பஸ்ஸுக்குக் கொடுத்த பணத்தை அந்த ஏழைகள் யாரிடம் கேட்பார்கள் என்ற வருத்தமும் கூடவே இருந்தது.

அதே வருஷங்களில் கம்பம் பள்ளத்தாக்கின் மேல்முனையில் வேறு வினைச்சொல் நடந்தது. கேரளத்துக்குள் இருந்தாலும் எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது, ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டியது. அதன் நீர்மட்டத்தை 1979இல் 136 அடிக்குக் குறைத்தார்கள். அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அதே தண்ணீர் கீழே வந்து வைகை அணையில் சேர்ந்து மதுரைப் பக்கத்துக்கும் போகிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்ன பிறகும் அது நடக்கவில்லை. 2011 டிசம்பரில் மக்கள் எழுந்தார்கள். கூடலூர், கம்பம், சின்னமனூர் என்று ஊர் ஊராகக் கிளம்பிக் கேரள எல்லையில் இருக்கும் குமுளியை நோக்கி நடந்தார்கள். வண்டிகள் நின்றன, கடைகள் அடைத்துக் கிடந்தன. எங்கள் மண்டிக்காரர்களில் சிலரும் போய்வந்தார்கள். போய்வந்தவர் ஒருவர் சொன்னார்: "பொம்பளைக வெறுங்கையோட முன்னால போயிட்டாக. நாங்க பின்னால ஓடுனோம்."

அந்தப் போராட்டத்தில் இரண்டு பக்கமும் அப்பாவிகள் வலி பட்டார்கள். கேரளத்தில் வேலைக்குப் போயிருந்த எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பயந்து திரும்பினார்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த மலையாளிக் கடைக்காரர்களும் பயந்தார்கள். அதை நான் கொண்டாட முடியாது. ஆனால் அந்த மாதத்தில் தேனி மாவட்டத்தில் எவரும் பிரச்சினையை அட்ரஸ் பண்ணுவதாகப் பேசி நான் கேட்கவில்லை. நடந்தார்கள், மறித்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். என்ன வேண்டும் என்பது அடிக்கணக்கில் இருந்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை உறுதி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. 142 என்ற எண்ணைக் கூடலூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். எண் இருந்ததால் வந்துவிட்டதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்ல முடிந்தது.

இன்றைக்கு மனு கொடுப்பது அன்றைக்குப் போல இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். துண்டை இறக்க வேண்டாம். 1100 என்ற எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம். 2021இல் தமிழக அரசு முதல்வரின் முகவரி என்று ஒரு துறையையே உருவாக்கியிருக்கிறது. முகவரி என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது, போய்ச் சேர ஓர் இடம் என்ற பழைய பொருள் அதில் இருக்கிறது. மனுவுக்கு எண் வருகிறது, கைபேசிக்குச் செய்தி வருகிறது. என் அப்பா காலத்து வராந்தாவில் நின்ற மனிதரின் பேத்தி இன்றைக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கிறாள். இது சின்ன மாற்றமல்ல.

கதவு திறந்துவிட்டது. திறந்த கதவிலிருந்து வெளியே வருகிற சொல்தான் இளைத்துவிட்டது.

எங்கள் தெருச் சாக்கடையை எடுத்துக்கொள்கிறேன். பூண்டு பிரிக்கும் கொட்டகைகள் இருக்கிற தெரு. பூண்டின் மேல்தோல் லேசானது, காற்றடித்தால் தெருவெங்கும் பறக்கும். அது சாக்கடையில் விழுந்து ஊறி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும், கொசு வரும், காய்ச்சல் வரும். கொட்டகையில் நாள் முழுக்க உட்கார்ந்து பூண்டு பிரிக்கிற பெண்கள்தான் முதலில் படுப்பார்கள். படுத்தால் கூலி இல்லை.

இது நேற்று வந்த பிரச்சினையல்ல. என் சிறுவயதிலும் அடைத்தது. அன்றைக்கு மண்டிக்காரர்களும் கொட்டகைக்காரர்களும் கூடிப் பேசி, சருகை யார் அள்ளுவது என்று முறை வைத்திருந்தார்கள். முறை தவறியவர் வீட்டு வாசலில் அள்ளிய சருகைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். முரட்டு நியாயம்தான். பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அடைப்பு எடுக்க இறங்கியவர்கள் யார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்க் குழிகளில் ஆளை இறக்குவதையும் குற்றம் என்கிறது. அதனால் பழைய வழிக்குத் திரும்பக் கூடாது. இயந்திரம் வர வேண்டும், அரசு ஆள் வர வேண்டும், கொட்டகைக்காரர்கள் சருகைச் சாக்கில் பிடித்து வைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தண்ணீர் ஓடும்.

தெருக்காரர்கள் மனு கொடுத்தோம். எண் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று செய்தி வந்தது. சில வாரம் கழித்து மனு முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு செய்தி வந்தது. சாக்கடை அப்படியே இருந்தது. போய்க் கேட்டபோது அங்கிருந்த ஒருவர், அந்த இஷ்யூவை அட்ரஸ் பண்ணியாச்சு என்றார். அவருடைய மேசையில் இருந்த காகிதம் வேறு மேசைக்குப் போயிருந்தது. அந்த அளவில் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

பிறகு பக்கத்து ஊர் மண்டபத்தில் ஒரு மனு முகாம் நடந்தது. எங்கள் தெருவில் பூண்டு பிரிக்கிற ஒரு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எழுதப் படிக்கத் தெரியும் என்றாலும், காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். எங்கள் மனுவைப் பார்த்துவிட்டு, "இதை அட்ரஸ் பண்றோம்க்கா" என்றார். நான் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன், அந்த இடத்தில் எல்லோரும் செய்வது அதுதான். அக்கா எழவில்லை.

"அது இருக்கட்டும் தம்பி. யாரு வருவா?"

"ஆள் அனுப்புவோம்க்கா."

"எந்த ஆளு? பேரு சொல்லுங்க. எந்தக் கிழமை வருவாரு? மிசினு வருமா, வெறுங்கையோட வருவாரா?"

அவர் கொஞ்சம் திகைத்தார். கோபப்படவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ கேட்டார், போன் பண்ணினார். "செவ்வாய்க்கிழமை. நானே வர்றேன்க்கா" என்றார். அக்கா ஒப்புகைச் சீட்டைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினார். "இதுல எழுதிக் குடுங்க தம்பி. உங்க பேரையும் போடுங்க." அவர் எழுதினார். மண்டியில் தேதி வரும்வரை பேனாவை நிறுத்திவைத்த என் அப்பா அங்கே இருந்திருந்தால் அந்த அக்காவுக்கு உட்கார இடம் விட்டு எழுந்திருப்பார்.

வரும் வழியில் அக்காவிடம் சொன்னேன், செவ்வாய்க்கிழமை வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், எந்தத் தேதியில் யார் வந்து என்ன செய்தார் என்று மட்டும் கேட்டால் போதும் என்று. பிரச்சினை தீர்க்கப்பட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தேதி, பெயர், செய்த வேலை என்று கேட்டால் அந்த மூன்றையும் கோப்பில் தேடித்தான் ஆக வேண்டும். அக்கா அதை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கொட்டகையில் இருக்கும் மற்ற பெண்களும் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கு ரேஷன் கார்டு, இன்னொருவருக்கு முதியோர் உதவித்தொகை.

செவ்வாய்க்கிழமை அந்த இளைஞர் வந்தார், ஒரு வண்டியும் வந்தது. பாதித் தெரு வரை அடைப்பை எடுத்தார்கள். கல்பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் அடைத்திருக்கிறது, அதற்குப் பெரிய வண்டி வேண்டுமாம். எப்போது என்று அக்கா கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் வாரம் என்று அதே சீட்டில் இரண்டாவது தேதி எழுதி வாங்கிவைத்திருக்கிறார்.